ஈ உட்கார்ந்த கால்

டென்னசியில் ஆகஸ்ட்.
இரவு ஒன்பதுக்கும் தார் இளகிக் கிடக்கிறது.
நடை அழகுப் போட்டி:
முன்னங்காலை நெஞ்சுயரம் தூக்கிப் போடும் குதிரைக்கு
நீல நாடா, வெள்ளிக் கோப்பை,
மறுநாளே சினைக்குக் கட்டணம் மூன்று மடங்கு.

ஏன் அவ்வளவு உயரம் தூக்குகிறது என்று
கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.
சுடுமணலில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும்.

என்னுடையது கட்டைவிரல் வேலை.
அரசாங்கத்து ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு
குளம்புக்கு மேலே, மயிர் சுழித்த பள்ளத்தில்
நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தவேண்டும்.
வலித்தால் கால் இழுக்கும்.
இழுத்தால் எழுதுவேன்.
பதினோரு வருடமாக இவ்வளவுதான்.

பதினேழாம் எண். மிட்நைட் டீக்கன்.
கறுப்பு. நெற்றியில் இரட்டைச் சுழி.
கயிற்றைப் பிடித்திருந்தவர் டாய்ல் ஹேக்கெட்,
ஞாயிறுதோறும் தேவாலயத்தில்
காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்.
"அழுத்துங்கம்மா, நல்லா அழுத்துங்க" என்றார்.

அழுத்தினேன்.
காதுகூட அசையவில்லை.
மூச்சு மட்டும் நின்றது,
குதிரையின் மூச்சைச் சொல்கிறேன்.

வாயில்லா ஜீவன் என்கிறோம்.
பேசுவதற்குக் காலாவது இருந்தது.
அதற்கும் எங்கோ ஒரு கொட்டகையில் பாடம் நடந்திருக்கிறது:
இதே நிறத்தில் ஒரு சட்டை,
அதற்குள் யாரோ ஒருவன்,
அழுத்து, இழுத்தால் மூக்கில் தடி,
மறுபடி அழுத்து, மறுபடி தடி,
அசையாமல் நின்றால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று
குதிரை கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளும்வரை.

அப்போதுதான் அந்த ஈ வந்தது.
கடிக்கிற ஜாதி.
நான் விரலை எடுத்த இடத்திலேயே உட்கார்ந்தது.
எந்தக் குதிரையும் காலை உதறும்.
இது உதறவில்லை.
ஈ சாவகாசமாக நடந்து
குளம்பின் விளிம்புவரை போய்த் திரும்பியது.

படிவத்தில் ஈக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்:
ஈ. நாற்பது வினாடி. உதறவில்லை.
பஞ்சால் துடைத்து உறையில் போட்டேன்,
இரண்டு மயிரும் ஒட்டிக்கொண்டு வந்தன.

முடிவு வரப் பத்தொன்பது நாள்.
மேலே மரத்துப்போகும் மருந்து,
அடியில் கடுகெண்ணெய், டீசல், வெந்த தோல்.

அதற்குள் கொட்டகை கழுவி விடப்பட்டிருந்தது.
"டீக்கனா? வயிற்றுவலி. புதைச்சாச்சு.
காப்பீட்டுக்கு எழுதியும் போட்டாச்சு."
குழியைக் காட்டினார். தோண்டுங்கள் என்றேன்.
வாரண்ட் இருக்கா என்றார், அன்பாகவே,
எலுமிச்சைச் சாறு நீட்டிக்கொண்டு.

லாயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான் எலியோடோரோ.
அவன் விரல்நுனிகளில் ரேகை இல்லை.
தினம் தடவியதில் எண்ணெய் தின்றுவிட்டது.
அவன் பாஸ்போர்ட் ஹேக்கெட்டின் மேசை டிராயரில்.
என் காரைத் தாண்டிப் போகையில்
தரையைப் பார்த்து ஒரே சொல் சொன்னான்:
மிசூரி.

மிசூரி ஏலக் களம். அக்டோபர். மழைச்சேறு.
சாட்சி குதிரைக்கொம்பு என்பார்கள்.
கொம்பில்லாத குதிரைகள் இருநூற்றுப் பதினான்கைப்
பார்த்துக்கொண்டே போனேன்.
நூற்று எட்டாவது: கவர்னர்ஸ் பார்டன்.
காகிதத்தில் அடர்பழுப்பு, வயது ஒன்பது, ஒற்றைச் சுழி.
நெற்றி மயிர் மழிக்கப்பட்டிருந்தது.
வைக்கோல் மென்றுகொண்டு வாலை வீசியது,
பக்கத்துக் குதிரையிடம் வம்புக்குப் போனது.
"டீக்கன்" என்றேன்.
பெயர் அதற்குப் பொருட்டில்லை.

காருக்குப் போய்
ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பத்தடி தூரத்திலேயே பார்த்துவிட்டது.
மென்ற வைக்கோல் வாயில் பாதி தொங்க
நாலு காலையும் சதுரமாக ஊன்றியது.
காது நின்றது. மூச்சு நின்றது.
நான் இன்னும் குனியக்கூட இல்லை.

நீதிமன்றத்தில் இது செல்லாது என்று தெரியும்.
அசையாமல் நிற்பது குற்றத்துக்கு அத்தாட்சியா என்பார் வக்கீல்.
பஞ்சோடு ஒப்பிடப் பிடரியில் ஏழு மயிர்
வேரோடு பிடுங்கினேன்.
அதற்கும் அசையவில்லை.

சட்டையைக் கழற்றி, சுருட்டி,
கார் டிக்கியில் அடைத்துவிட்டுத்
திரும்பி வந்து கம்பியோரம் நின்றேன்,
ஏலக்காரன் விளக்கை அணைக்கும்வரை.
ஈ வராத குளிர்.
அது இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.